அடுக்கை முதலில் பாருங்கள்

(குத்துக்கல்வலசையில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மெய்யெண்கள் பாடத்துக்குள் வருகிற ஒரு சிறு பகுதி. அறிவியல் குறியீடு என்பது அதன் பெயர். ஓர் எண்ணை இரண்டு துண்டாகப் பிரித்து எழுதுகிறோம். முதல் துண்டு 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் இருக்கிற ஒரு தசம எண். இரண்டாவது துண்டு பத்தின் ஏதோ ஓர் அடுக்கு. 45,000 என்பதை 4.5 × 10⁴ என்று எழுதுகிறோம். 0.00045 என்பதை 4.5 × 10⁻⁴ என்று எழுதுகிறோம். அப்படி எழுதியதைப் பழைய தசம வடிவத்துக்குத் திரும்பக் கொண்டுவரவும் கற்றுக்கொள்கிறோம். பாடம் அவ்வளவுதான். பரீட்சையில் ஒரு சிறு கேள்வி வரும், பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், அதோடு மறந்தும் விடுவார்கள்.

அதை மறக்கக்கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நம் குடிநீரும், நம் வீட்டுப் பிள்ளையின் ரத்தப் பரிசோதனைத் தாளும், நம் வங்கிக் கணக்கு எண்ணும் இந்தக் குறியீட்டில் நம்மிடம் வந்து சேர்வது உண்டு. படிக்கத் தெரிந்தவருக்கு அவை பேசும். தெரியாதவருக்கு அந்த எண்கள் மிரட்டும், இல்லாவிட்டால் ஏமாற்றும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் தண்ணீரை விட்டுவிட்டு எதையும் தொடங்க முடியாது.

ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், நாளிதழில் தினமும் அணை நிலவரம் வரும். கடனா 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, அடவிநயினார் 132.22 அடி, குண்டாறு 36.10 அடி. இவை முழுக் கொள்ளளவில் நிற்கும் உயரங்கள். இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். டீக்கடையில் இதைப் படித்துத்தான் வயலில் எப்போது இறங்குவது என்று பேசிக்கொள்கிறோம். ஆனால் அடி என்பது உயரத்தைத்தான் சொல்கிறது. தண்ணீரின் அளவை அது சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டாறு 36 அடி. பாபநாசம் அணை 143 அடி. உயரத்தை மட்டும் பார்த்தால் பாபநாசம் குண்டாற்றைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இனிக் கொள்ளளவைப் பாருங்கள். குண்டாறு ஏறத்தாழ 25 மில்லியன் கன அடி. பாபநாசம் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடி. மில்லியன் என்றால் பத்து லட்சம், அதாவது 10⁶. ஆகவே குண்டாறு 25 × 10⁶ கன அடி. இதை முறைப்படி எழுத வேண்டுமானால் முன்னால் நிற்கும் எண் பத்துக்குள் அடங்க வேண்டும். 25-ல் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 2.5. ஓர் இடம் நகர்த்தியதால் அடுக்கில் ஒன்று ஏறும். 2.5 × 10⁷ கன அடி. பாபநாசம் 5,500 × 10⁶. புள்ளியை மூன்று இடம் நகர்த்தினால் 5.5, அடுக்கில் மூன்று ஏறும். 5.5 × 10⁹ கன அடி.

இப்போது ஒன்றை ஒன்றால் வகுப்பது மிக எளிது. 5.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 2.2. அடுக்கு 9-லிருந்து 7-ஐக் கழித்தால் 2. விடை 2.2 × 10². அதாவது 220. நான்கு மடங்கு என்று உயரம் காட்டிய அணையில் 220 மடங்கு தண்ணீர் நிற்கிறது. காகிதத்தில் 2.5, 5.5 என்று முன்னால் நிற்கும் எண்களைப் பார்த்தால் இரண்டும் ஏதோ அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். வித்தியாசம் முழுவதும் மேலே சின்னதாக எழுதியிருக்கும் 7-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கிறது. அறிவியல் குறியீட்டைப் படிக்கும்போது கண் முதலில் அடுக்குக்குத்தான் போக வேண்டும். முன்னெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் இன்றைக்குப் பேசப்போவதெல்லாம் இந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

டி.எம்.சி. என்ற சொல் தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆயிரம் மில்லியன் கன அடி என்பதன் சுருக்கம் அது. ஆயிரம் 10³, மில்லியன் 10⁶, இரண்டையும் பெருக்கினால் அடுக்குகள் கூடி 10⁹. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. பாபநாசம் ஐந்தரை டி.எம்.சி. மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி., அதாவது 9.347 × 10¹⁰ கன அடி. குண்டாற்றைப் போல 3,700 மடங்குக்கும் மேல். 2018 பிப்ரவரி 16-ல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, கர்நாடகம் தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவில் தர வேண்டும் என்று நடுவர் மன்றம் சொல்லியிருந்த 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. குறைந்தது 14.75 டி.எம்.சி. அன்றைக்குப் பல பேர் பதினைந்தைக்கூட எட்டாத ஒரு சின்ன எண்ணைத்தான் கேட்டார்கள். அதைக் கன அடியாக்கினால் 1.475 × 10¹⁰. ஒரு கன அடியில் ஏறத்தாழ 28.32 லிட்டர் தண்ணீர் இருக்கும். பெருக்கினால் 4.18 × 10¹¹ லிட்டர் வரும். கோடி என்பது 10⁷ ஆகையால், 11-லிருந்து 7 போக மீதி 4. ஆக 4.18 × 10⁴ கோடி லிட்டர், அதாவது 41,800 கோடி லிட்டர். பாபநாசம் அணை இரண்டரை முறைக்கு மேல் நிரம்பி வழியும் தண்ணீர். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எதைப் பற்றி வாதம் நடந்தது என்பதன் பருமன் தெரிந்தால்தான் ஒரு குடிமகன் அந்த வாதத்தில் கலந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

குண்டாற்றுக்குத் திரும்புவோம், அது நமக்குப் பக்கம். சீசன் தொடங்கினால் முதலில் நிரம்புகிற அணை அதுதான், சிறிய அணை என்பதால். 2.5 × 10⁷ கன அடியை 28.32-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 7.1 × 10⁸ லிட்டர். 71 கோடி லிட்டர். நம் தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதியின் மக்கள் தொகை ஏறத்தாழ 14 லட்சம், அதாவது 1.4 × 10⁶. கிராமத்து வீடுகளுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. மாவட்டம் முழுவதற்கும் அதே அளவை வைத்துப் பெருக்குங்கள். 1.4 × 10⁶ × 55 = 77 × 10⁶ = 7.7 × 10⁷ லிட்டர். அணைத் தண்ணீரை இதனால் வகுத்தால் 7.1 ÷ 7.7 ஏறத்தாழ 0.92, அடுக்கு 8 - 7 = 1. ஒன்பது நாள் சொச்சம். குண்டாறு பாசனத்துக்கான அணை, குடிநீருக்கு யாரும் அதைக் காலி செய்யப்போவதில்லை. ஆனால் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு என்று கரையில் நின்று பார்க்கிறோமே, அது மாவட்டத்தின் குடிநீருக்கு ஒன்பது நாள்தான் காணும் என்று தெரிந்துகொள்ள மூன்று வரிக் கணக்கு போதும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுந்த தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 10⁶ சதுர மீட்டர் இருக்கிறது. நம் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,900 சதுர கிலோமீட்டர், அதாவது 2.9 × 10³. இரண்டையும் பெருக்கினால் 2.9 × 10⁹ சதுர மீட்டர். ஆக மாவட்டம் முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2.9 × 10⁹ லிட்டர், 290 கோடி லிட்டர். குண்டாறு 71 கோடி. முற்றத்துத் தரையைக்கூட முழுசாக நனைக்காத ஒரு தூறல், மாவட்டம் முழுக்கப் பெய்தால், நான்கு குண்டாறு அணைக்குச் சமம்! இந்த எண்ணைப் பார்த்த பிறகு ஊர்க் குளத்தை மேடாக்கி மனை போடச் சம்மதிக்க யாருக்கு மனசு வரும்? நம் முன்னோர் ஊருக்கு ஊர் குளம் வெட்டியதன் நியாயம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. அணையில் நிற்பதைவிடப் பல மடங்கு தண்ணீர் வானத்திலிருந்து நேராக நம் நிலத்தில் இறங்குகிறது. அதைத் தடுத்து நிறுத்த இடம் வேண்டும்.

பிள்ளைகளுக்காக மாற்றும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணாக இருந்தால் கடைசியில் ஒரு புள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு, முதல் இலக்கத்துக்கு அடுத்து வரும்வரை அதை இடப்பக்கம் நகர்த்துங்கள். எத்தனை இடம் நகர்ந்ததோ அதுதான் அடுக்கு, மிகை எண். சிறிய எண்ணாக இருந்தால், பூச்சியம் அல்லாத முதல் இலக்கத்தைத் தாண்டும்வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். அப்போது அடுக்கு குறை எண். திருப்பி மாற்றும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மிகை அடுக்கானால் புள்ளி வலப்பக்கம் போகும், குறை அடுக்கானால் இடப்பக்கம் போகும், காலியாகும் இடங்களில் பூச்சியம் போட வேண்டும்.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் உண்டு. பூச்சியத்தை எண்ணுகிறார்கள். 0.00045-ல் புள்ளிக்குப் பின் மூன்று பூச்சியம்தான் இருக்கிறது, அடுக்கு -4. ஆகவே பூச்சியத்தை எண்ண வேண்டாம், புள்ளி தாண்டிய இடங்களை எண்ணுங்கள். இன்னொன்று, குறை அடுக்கைப் பார்த்ததும் எண்ணே குறை எண் என்று எடுத்துக்கொள்வது. 4.5 × 10⁻⁴ மிகச் சிறிய எண், ஆனால் மிகை எண்தான். கூட்டலில் வருவது இன்னும் பெரிய சறுக்கல். குண்டாற்றையும் பாபநாசத்தையும் கூட்டச் சொன்னால் 2.5-ஐயும் 5.5-ஐயும் கூட்டி 8 என்று போடுவார்கள். முதலில் அடுக்கை ஒன்றாக்க வேண்டும். 2.5 × 10⁷ என்பது 0.025 × 10⁹. அதோடு 5.5 × 10⁹ சேர்ந்தால் 5.525 × 10⁹. அவ்வளவு பெரிய அணையோடு சேர்கிறபோது குண்டாறு இரண்டாவது தசம இடத்துக்குப் போய்விடுகிறது.

36.10 அடி என்று எழுதுகிறார்களே, கடைசியில் அந்தப் பூச்சியம் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். அடியில் நூறில் ஒரு பங்குவரை அளந்திருக்கிறோம் என்று அந்தப் பூச்சியம் சொல்கிறது. 5,500 என்று எழுதினால், கடைசி இரண்டு பூச்சியமும் அளந்து வந்தவையா, முழுதாக்கிப் போட்டவையா என்று தெரியாது. 5.5 × 10³ என்று எழுதினால் இரண்டு இலக்கம்தான் உறுதி என்று பொருள். 5.500 × 10³ என்றால் நான்கு இலக்கமும் அளந்து உறுதிசெய்தவை. எவ்வளவு தெரியும் என்பதை மறைக்காமல் சொல்லும் குறியீடு இது. அதற்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை.

அடுத்து ரத்தம். 2012-ல் நம் வட்டாரத்தில், குறிப்பாகக் கடையநல்லூர்ப் பக்கம், டெங்குக் காய்ச்சல் எவ்வளவு கொடுமையாக வந்தது என்பது இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டில்தான் பிளேட்லெட் என்கிற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. தட்டணுக்கள் என்று தமிழில் சொல்கிறோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு லிட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்க வேண்டும். டெங்குவில் அது இறங்கும். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் வைக்கிறார்கள்.

பரிசோதனைத் தாளில் இந்த எண்ணை எல்லோரும் ஒரே மாதிரி அச்சிடுவதில்லை. ஓர் இடத்தில் 1.2 லட்சம் என்று வரும். இன்னோர் இடத்தில் 98 என்று மட்டும் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 10³, மைக்ரோலிட்டருக்கு என்று இருக்கும். மூன்றாவது இடத்தில் 110 என்று போட்டு, 10⁹, லிட்டருக்கு என்று இருக்கும். ஒரு குழந்தைக்கு மூன்று நாளில் மூன்று ஆய்வகத்தில் இந்த மூன்று தாளும் வந்தால் தாய் என்ன நினைப்பாள்? 1.2 எங்கே, 98 எங்கே, 110 எங்கே. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்று நிம்மதி அடையலாம். பயந்து நடுங்கவும் செய்யலாம். இரண்டுமே தவறான இடத்தில் நிற்கின்றன.

மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவோம். முதல் தாள் 1.2 × 10⁵. இரண்டாவது 98 × 10³, அதாவது 9.8 × 10⁴. மூன்றாவது லிட்டருக்கு 110 × 10⁹. ஒரு லிட்டரில் 10⁶ மைக்ரோலிட்டர் இருப்பதால் அடுக்கில் ஆறைக் கழித்தால் மைக்ரோலிட்டருக்கு 110 × 10³, அதாவது 1.1 × 10⁵. இப்போது கதை தெளிவாகிறது. முதல் நாள் ஒரு லட்சத்து இருபதாயிரம். மறுநாள் 98 ஆயிரம், ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், மீண்டும் ஏறத் தொடங்குகிறது. 9.8 என்ற எண் 1.2-ஐவிடப் பெரிதாகக் கண்ணில் படும், ஆனால் அடுக்கு 4. அடுக்கை முதலில் பார்த்தவர் ஏமாற மாட்டார். வைத்தியம் பார்ப்பது மருத்துவரின் வேலை, அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்பது நம் வேலை. வெள்ளை அணுக்களுக்கும் இதே கதைதான்: 7.2 என்று போட்டிருந்தால் பக்கத்தில் 10³ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது 7,200.

அந்த டெங்குக் கிருமியின் குறுக்களவு ஏறத்தாழ 50 நானோமீட்டர். நானோ என்றால் 10⁻⁹. ஆக 5 × 10⁻⁸ மீட்டர். தசம வடிவத்தில் 0.00000005 மீட்டர். அதைச் சுமந்து வருகிற கொசு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், அதாவது 5 × 10⁻³ மீட்டர். கொசுவைக் கிருமியால் வகுத்தால் முன்னெண்கள் அடிபட்டுப் போகும், அடுக்கு -3-லிருந்து -8-ஐக் கழித்தால் 5. ஒரு கொசுவின் நீளத்துக்கு ஒரு லட்சம் கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். கண்ணால் பார்க்க முடியாத பகையின் உருவத்தை இப்படி அளந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய பலம்! தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள் என்று சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலில் வந்து சொல்வதற்குப் பின்னால் இந்த அளவுகள் எல்லாம் இருக்கின்றன.

மூன்றாவதாகக் கணினி. பெயர்ப் பட்டியலும் எண்ணும் தட்டச்சு செய்கிற தம்பி தங்கைகள் இங்கே பலர் இருப்பீர்கள். எக்செல் கட்டத்தில் 12 இலக்க எண் ஒன்றை அடித்துப் பாருங்கள், 123456789012 என்று வைத்துக்கொள்வோம். திரையில் 1.23457, பிறகு ஆங்கில எழுத்து ‘இ’, பிறகு +11 என்று நிற்கும். பலர் எண் கெட்டுப்போயிற்று என்று பதறுவார்கள். அந்த எழுத்து ‘பத்தின் அடுக்கு’ என்பதற்கு வைத்த குறி. 1.23457 × 10¹¹ என்று கணினி தன் பாஷையில் எழுதியிருக்கிறது. உள்ளே 12 இலக்கமும் பத்திரமாக இருக்கும், கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் திரும்பத் தெரியும். ஆனால் அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்துவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற வடிவம்தான் போய்ச் சேரும். மறுபடி திறந்தால் 123457000000. கடைசி ஆறு இலக்கம் போய்விட்டது, இனி எந்த வழியிலும் திரும்பாது.

16 இலக்கம் ஆனால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணை வைத்துக்கொள்ளும். 1234567890123456 என்று அடித்தால் கடைசி 6 பூச்சியமாகிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை இப்படி ஏற்றினால் அது இன்னொருவரின் கணக்காகிவிடலாம், அல்லது இல்லாத கணக்காகிவிடலாம். ஒரு முதியவருக்கு வரவேண்டிய உதவித்தொகை இதனால் நின்றுபோக முடியும். கணினிகள் தசம எண்களை வைத்துக்கொள்வதற்கு 1985-ல் ஒரு பொது விதி வகுத்தார்கள். அந்த விதியே அறிவியல் குறியீடுதான், பத்துக்குப் பதிலாக இரண்டின் அடுக்கு. முன்னெண்ணுக்கு இவ்வளவு இடம், அடுக்குக்கு இவ்வளவு இடம் என்று பகுத்து வைத்திருக்கிறது. முன்னெண்ணுக்கான இடம் நிறைந்துவிட்டால் மிச்சம் உதிர்ந்துவிடும். இங்கிருந்து பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிற பிள்ளைகளுக்கு இது அரிச்சுவடி. நமக்கும் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. ஆதார் எண், கணக்கு எண், ரேஷன் அட்டை எண் இவையெல்லாம் பார்க்க எண்களாக இருந்தாலும் கூட்டிக் கழிக்கிற எண்கள் அல்ல, அடையாளங்கள். கட்டத்தை முதலில் ‘எழுத்து’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் அடியுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த முறைதானே என்று யாராவது நினைக்கலாம். பத்தின் தலைக்கு மேல் சிற்றெண் எழுதுகிற வழக்கம் 1637-ல் பிரெஞ்சுக்காரர் தெகார்த் எழுதிய வடிவியல் நூலிலிருந்து பரவியது என்பது உண்மை. ஆனால் எண்ணையும் அதன் தரத்தையும் பிரித்து எழுதுவது நமக்குப் பழக்கமானது. பழைய தமிழ்க் கணக்கில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. பாபநாசம் அணையின் 5,500-ஐ நம் பாட்டன் எழுதியிருந்தால் ௫௲௫௱ என்று எழுதியிருப்பான். ஐந்து, அது எந்தத் தரத்தில் என்பதற்கு ஒரு குறி; மறுபடி ஐந்து, அதன் தரத்துக்கு இன்னொரு குறி. பத்தின் அடுக்கை அவன் ஒரு குறியாக எழுதினான்.

சிறிய எண்களில் அவர்கள் போன தூரம் இன்னும் வியப்பு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு முந்திரி என்றால் 1/320 என்று தெரியும். அந்த முந்திரியில் 320-ல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதாவது 1/102400. இதை நம் குறியீட்டில் போட்டுப் பாருங்கள். 1/320 = 0.003125 = 3.125 × 10⁻³. அதை அதனாலேயே பெருக்கினால், 3.125 × 3.125 = 9.765625. அடுக்குகள் -3-ம் -3-ம் கூடி -6. ஆகக் கீழ்முந்திரி 9.765625 × 10⁻⁶. மீதி எதுவும் இல்லாமல் சரியாக வருகிறது. தசம வடிவத்தில் 0.000009765625. பொன் நிறுக்கவும் நிலம் பகுக்கவும் லட்சத்தில் ஒரு பங்கு வரை போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். குறை அடுக்கைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை.

பெரிய எண்களுக்கும் பெயர் இருந்தது. தாமரை, வெள்ளம், ஆம்பல் போல ஐ, அம், பல் என்று முடிகிற எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியத்தில் புணர்ச்சி விதியே இருக்கிறது. கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீஸ் பிரபஞ்சத்தை மணலால் நிரப்பினால் எத்தனை மணல் வேண்டும் என்று கணக்குப் போட்டு, இன்றைய கணக்கில் 10⁶³ வரை போனார். அடுக்குக் குறியீடு இல்லாத காலம், ஒவ்வொரு படிக்கும் பெயர் வைத்துக்கொண்டே ஏறினார். பெயரில் ஒரு சங்கடம் உண்டு: ஆளுக்கு ஆள் மாறும். பில்லியன் என்றால் அமெரிக்காவில் 10⁹. பிரிட்டனில் அதே சொல்லுக்கு 10¹² என்று பொருள் இருந்தது, 1974-ல்தான் அந்த அரசு அமெரிக்க வழக்குக்கு மாறியது. காற்புள்ளியும் இப்படித்தான். ஐந்தரை டி.எம்.சி.யை நாம் 5,50,00,00,000 என்று எழுதுகிறோம், மற்ற நாட்டார் பலர் 5,500,000,000 என்று எழுதுகிறார்கள். 5.5 × 10⁹ என்று எழுதிவிட்டால் உலகத்தில் எங்கேயும் ஒரே பொருள்தான்.

கோடி என்ற நம் சொல்லும் பெரிய எண்ணைத் தாங்கக் கூடியதுதான். ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவரின் தலைமுடியில் தொங்குகிற ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், எடை 0.05 கிராம். 18 கிராம் தண்ணீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். கணக்குப் போட்டால் அந்தச் சொட்டில் ஏறத்தாழ 1.67 × 10²¹ மூலக்கூறுகள் இருக்கின்றன. 167 எழுதி அதன் பின்னால் 19 பூச்சியம். கோடி 10⁷. அதை மூன்று முறை பெருக்கினால் 10²¹. ஆக அந்த ஒரு சொட்டில் 1.67 கோடி கோடி கோடி மூலக்கூறுகள்.

நம் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்தப் பாடம் நடத்துகிற வாரத்தில் புத்தகத்தில் உள்ள சூரியனின் தொலைவோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைய நாளிதழின் அணை நிலவரத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். வினாடிக்கு 100 கன அடி வந்தால் குண்டாறு எத்தனை நாளில் நிரம்பும் என்று கேளுங்கள். 2.5 × 10⁷-ஐ 10²-ஆல் வகுத்தால் 2.5 × 10⁵ வினாடி, ஒரு நாளுக்கு 8.64 × 10⁴ வினாடி, ஆக மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் அந்த மூன்று நாளும் நாளிதழைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஏதாவது இருந்தால் இன்றிரவு அதை எடுத்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 10-ம் அதன் தலைக்கு மேல் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, முழு எண்ணை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.